வம்சத்தில் இல்லாத நோய்

அவர் வீட்டு மாடியை வாடகைக்குக் கேட்டுப் போன அன்று, நான் என்ன வேலை பார்க்கிறேன், வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. என்னையும் அம்மாவையும் ஹாலில் உட்காரவைத்துவிட்டு, "உங்க தாத்தா எதுல போனாரு?" என்று கேட்டார்.

பஸ்ஸிலா ரயிலிலா என்று புரியாமல் நான் விழித்தேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"வயசாகித்தான் சார். எண்பது தாண்டிட்டாவ."

"அப்பாவப் பெத்தவரா, அம்மாவப் பெத்தவரா?"

இரண்டு தாத்தாக்கள், இரண்டு ஆச்சிகள், சித்தப்பா, மாமா என்று ஒவ்வொருவரையும் எந்த நோய் கொண்டுபோனது என்று சொல்லி முடிக்க அரை மணி நேரமாயிற்று. சொல்லச் சொல்ல அவர் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரிப் பிணவறை ரிஜிஸ்டர்கூட அவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, "உங்க அப்பா?" என்றார்.

"நெஞ்சுல வலின்னாவ. போயிட்டாவ," என்றாள் அம்மா.

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. அப்பாவுக்கு நெஞ்சில் வலி இருந்தது. கூடவே இருமலும் இருந்தது, இருமலோடு ரத்தமும் வந்தது. அம்பாசமுத்திரத்தில் ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டராக இருந்தவர் காசநோயில் போனார் என்று அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்லியிருந்தால், எங்களுக்குக் கொடுத்த காப்பி டம்ளரை அவர் வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைத்திருப்பார்.

"மாரடைப்பு," என்று அவரே எழுதிக்கொண்டார். "அது பரவால்ல. அது பெரிய மனுசங்களுக்கு வர்றது."

சாவி கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இப்படித்தான் நான் பாளையங்கோட்டைக்குக் குடிவந்தேன்.

அவர் கல்லூரியில் முப்பது வருஷம் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். நெட்டைப் பட்டாணிச் செடியையும் குட்டைப் பட்டாணிச் செடியையும் சேர்த்தால் அடுத்த தலைமுறை எப்படி இருக்கும் என்கிற பாடத்தை வருஷம் தவறாமல் நடத்தியதால் மாணவர்கள் 'பட்டாணி சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓய்வு பெறும்போது கல்லூரி பட்டாணிகளை வைத்துக்கொண்டு சாரை மட்டும் அனுப்பிவிட்டது. செடி இல்லாத குறையை அவர் மனிதர்களை வைத்துத் தீர்த்துக்கொண்டார்.

பால்காரர் பாலில் தண்ணீர் சேர்த்தால், "அவங்க அப்பனும் ஊத்தினவன்தான்," என்பார். எதிர்வீட்டுப் பையன் கணக்கில் பெயிலானால் அவனுடைய தாய்மாமன்கள் மூன்று பேர் எந்தெந்த வகுப்பில் பெயிலானார்கள் என்று சொல்லுவார். தன் வீட்டு இட்லி கல்லாக இருந்தால் மட்டும் வாய் திறக்க மாட்டார். ஏனென்றால் இட்லி அவித்தவர் அவருடைய மாமன் மகள். நான் அக்கா என்று கூப்பிட்ட அந்த மனைவிக்கும் அவருக்கும் ஒரே தாத்தா. அவருடைய அப்பாவும் அம்மாவும்கூட அப்படித்தான், அத்தை மகனும் மாமன் மகளும். மூன்று தலைமுறையாக அந்த வீட்டுக்குள் வெளி ரத்தம் வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லுவார். கொசுக்கள் மட்டும்தான் அந்த ஏற்பாட்டை மதிக்கவில்லை.

ஹாலில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு அவர் கையால் வரைந்த வம்சப் படம் மாட்டியிருந்தது. சதுரம் என்றால் ஆண், வட்டம் என்றால் பெண். பரம்பரை நோய் உள்ளவராக இருந்தால் உள்ளே கறுப்பு அடிக்க வேண்டும். பாடத்தில் அப்படித்தான். அவர் படத்தில் ஒரு சதுரமும் கறுப்பு இல்லை, ஒரு வட்டமும் கறுப்பு இல்லை.

"பாத்தியாம்மா? ஒரு புள்ளி கிடையாது," என்பார், சலவைக்காரரிடமிருந்து வேட்டி வாங்கிப் பார்க்கிற மாதிரி.

நான் அரசாங்கக் காசநோய் மையத்தில் லேப் டெக்னீஷியன். சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் நீலத்துக்கு நடுவே தெரியும் சிவப்புக் குச்சிகளை எண்ணுவது என் வேலை. அவர் என் வேலைக்காக என்மேல் இரக்கப்பட்டார்.

"பயப்படாத. அந்தச் சீக்கெல்லாம் சில ரத்தத்துலதான் தங்கும். நமக்கெல்லாம் வராது."

அந்த 'நமக்கெல்லாம்' என்பதற்குள் என்னையும் சேர்த்துக்கொண்டது அப்பாவின் மாரடைப்புக்குக் கிடைத்த மரியாதை.

இரண்டாவது வருஷம் அவர் இரும ஆரம்பித்தார். விடிந்ததும் கீழே இருமல் கேட்கும். பல் தேய்த்துக்கொண்டே மாடியில் நான் எண்ணுவேன். மூன்று வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளி பார்க்க வேண்டும் என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் நாங்கள். ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"சார், ஒருதடவ சளி டெஸ்ட் பண்ணிப் பாத்திருவோமா?"

"இது மகரந்த அலர்ஜி. முப்பது வருசம் பூவோட பழகினவன்லா," என்றார்.

அவர் பூவோடு பழகுவதை விட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தது.

பிறகுதான் தெரிந்தது, அவர் அதற்கு முன்பே ஒரு டாக்டரைப் பார்த்திருந்தார், பிறகும் இரண்டு பேரைப் பார்த்தார். முதலில் ஜங்ஷன் பக்கம், அடுத்தது தூத்துக்குடியில், மூன்றாவது நாகர்கோவிலில். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று மாத்திரைக்காக மூன்று ஊர்களுக்குப் போனார். மூன்று டாக்டர்களும் ஒரே மாத்திரைகளைத்தான் எழுதினார்கள். அவற்றில் ஒன்றைச் சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும். அக்கா கேட்டதற்கு, "பீட்ரூட் சாப்பிட்டேன்," என்று சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இரண்டு மாதத்தில் இருமல் நின்று, சட்டை இறுக ஆரம்பித்ததும் மாத்திரையை விட்டுவிடுவார். சாதாரண ஆளுக்கு ஆறு மாதம், எட்டு மாதம் மருந்து வேண்டும். அவர் ரத்தத்துக்கு இரண்டு மாதம் போதும் என்பது அவர் கணக்கு. கிருமிகளில் பாதி செத்து, மீதி மருந்தை நன்றாகப் பரிச்சயம் செய்துகொண்டு திரும்பி வந்தன. ஆசிரியர் வீட்டில் தங்கிய கிருமிகள் அல்லவா, பாடத்தைப் படித்துவிட்டன.

நான்காவது தடவை எந்தத் தனியார் டாக்டரும் ஒத்துக்கொள்ளவில்லை. அரசாங்க மையத்தில் சளி பார்த்து வந்தால்தான் ஆயிற்று என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு மே மாதம், தலைக்குமேல் வெயில் கொதிக்கிற நேரம், எங்கள் மைய வரிசையில் மப்ளர் சுற்றிக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் நின்றார். பதிவு செய்கிறவர் பெயர் கேட்டார். "செல்லையா," என்றது ஒரு வகுப்பறைக் குரல். தொழில் கூலி. முகவரியாக ஆற்றங்கரைப் பக்கத்துத் தெரு ஒன்றைச் சொன்னது.

செல்லையா எங்கள் வீட்டுத் தென்னை மரங்களில் ஏறித் தேங்காய் பறிக்கிறவர். ஐம்பது வயதிலும் மூச்சு வாங்காமல் உச்சிக்குப் போவார். அவருக்கு நுரையீரலில் ஏதாவது குறை இருக்கிறது என்று சொன்னால் தென்னை மரமே நம்பாது.

அன்றைக்குத் தகட்டைப் பார்த்தேன். நீலமே தெரியாத அளவுக்குச் சிவப்பு. செல்லையா என்ற பெயருக்கு நேரே நிறைய கிருமிகள் என்று எழுதி அனுப்பினேன். எழுதும்போது என் கை நின்றது, பிறகு எழுதிவிட்டது. வீட்டை விட்டுப் போகச் சொல்லிவிடுவார் என்கிற பயம். நானும் ஒரு பொய்யின்மேல் குடியிருக்கிறவள் என்கிற பயம். அவரை விட்டுக்கொடுக்காத நல்ல பெண் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

'செல்லையா' ஒரு மாதத்துக்கு மாத்திரை வாங்கிப் போனார். அடுத்த மாதம் வரவில்லை. மருந்து வாங்க வராதவர்களைத் தேடிப் போவதற்கு ஒரு ஹெல்த் விசிட்டர் இருந்தார். கடமையே கண்ணானவர். ஆற்றங்கரைத் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தி, "டி.பி. செல்லையா வீடு எங்கன இருக்கு?" என்று நாலு பேர் கேட்க விசாரித்திருக்கிறார். கேட்டது நாலு பேர்தான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் செல்லையாவை மையத்துக்குக் கூட்டிவந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அவர் கத்தினார்.

"எனக்கு இருமலே கிடையாதுவே! நான் எதுக்கு மாத்திரை திங்கணும்?"

"முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க அண்ணாச்சி," என்றார் ஹெல்த் விசிட்டர் அன்பாக.

நான் ஓடிப்போய், பெயர்க் குழப்பம் என்று ஏதோ சொல்லி, செல்லையாவின் சளியை வாங்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. நோய் இல்லை என்று அவரிடம் சீட்டும் எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தச் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யம்மா, இத யாருட்டக் காட்ட? என் மகளுக்கு விக்கிரமசிங்கபுரத்துல பேசி முடிச்சிருந்தோம். பையன் நூல் மில்லுல வேல. நேத்து ராத்திரியே ஆள் அனுப்பிட்டாவ. சீக்கு உள்ள குடும்பத்துல எடுக்க மாட்டோம்னு மாப்பிள்ளையோட அம்மா சொல்லிட்டாவளாம்."

அன்று சாயங்காலம் நான் மாடிக்குப் போகாமல் கீழே ஹாலில் போய் நின்றேன். பட்டாணி சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சார், செல்லையாவுக்கு காசம்னு ஊரெல்லாம் ஆயிட்டு. மக கல்யாணம் நின்னுபோச்சு."

அவர் பேப்பரை மடித்தார். முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒரு கணம் தெரிந்தது. அதற்குள் அவர் சுதாரித்துக்கொண்டார்.

"அவன் வம்சத்துல இருந்திருக்கும்மா."

எனக்கு அதுவரை அந்த வீட்டில் குரல் உயர்ந்ததில்லை.

"சார், செல்லையா பேருலதான் சீக்கு. சளி உங்களுது."

"என்ன சொல்லுத?"

"தகட்டப் பாத்தது நான். வரிசையில நின்னப்பவும் பாத்தேன். மே மாசம் மப்ளர் போடுத ஆளு இந்த ஊருல வேற யாரு?"

"உனக்கு வீடு வேணுமா வேண்டாமா?" என்றார் அவர், மிகவும் மெதுவாக.

"வேணும் சார். அதனாலதான் இத்தன நாளு வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். இன்னொண்ணும் எழுதிக்கிடுங்க. எங்கப்பா மாரடைப்புல போகல. அதே சீக்குதான்."

அவர் எழுந்து வாசலைக் காட்டக் கையைத் தூக்கினார். அடுக்களை வாசலிலிருந்து அக்காவின் குரல் வந்தது. மூன்று வருஷத்தில் அவர் முன்னால் அக்கா ஒரு முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவ எங்கயும் போக மாட்டா. இந்த வீட்டுல பீட்ரூட் வாங்கி வருசம் ஆறாச்சு. யாருட்ட அத்தான் பீட்ரூட்டுன்னு சொல்லுதிய?"

தூக்கிய கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அது பேப்பரை எடுத்துக்கொண்டது.

மறுநாள் அவர் மப்ளர் இல்லாமல் மையத்துக்கு வந்து தன் சொந்தப் பெயரைச் சொன்னார். ரிஜிஸ்டரில் ஒரு கோடு போட்டு மாற்றினோம். ஊர்வாயில் அப்படிக் கோடு போட்டு மாற்ற முடியவில்லை. செல்லையா அந்த வீட்டு மரங்களில் ஏறுவதை நிறுத்திவிட்டார். வேறு யாரும் ஏற வரவில்லை. தேங்காய்கள் முற்றித் தாமாகவே விழ ஆரம்பித்தன. ஒவ்வொரு தடவை 'தொம்' என்று கேட்கும்போதும் அவர் நிமிர்ந்து பார்ப்பார்.

மருந்து கொடுத்தும் சளியில் சிவப்பு குறையவில்லை. சளியை மெட்ராசுக்கு அனுப்பினோம். கிருமியை அங்கே வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்த்துச் சொல்ல மூன்று மாதம் ஆயிற்று. முக்கியமான இரண்டு மருந்துகளுக்கும் அது சாகவில்லை. நோய் அவருக்கு வந்த விதத்தில் விசேஷம் ஒன்றுமில்லை; எல்லாருக்கும் போலக் காற்றில்தான் வந்தது. ஆனால் இந்த மருந்து கேட்காத குணம் முழுக்க முழுக்க அவர் வீட்டுத் தயாரிப்பு.

இனி இரண்டு வருஷ மருந்து. முதல் ஆறு மாதம் தினம் ஊசி. குமட்டல், தலைசுற்றல், மூட்டுவலி எல்லாம் வரிசையாக வந்தன. மூன்றாம் மாதம் அந்த ஊசி அவருடைய காதைப் பிடித்தது. அந்த மருந்தில் சிலருக்கு அப்படி ஆகும். முதலில் ஒரு இரைச்சல், பிறகு பாதிக் காது போயிற்று. அதற்கு முன்பும் அவர் யார் பேச்சையும் கேட்டவர் இல்லை என்பதால் வீட்டில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் அக்காவிடம்தான். பேசினால் கோபிப்பாரோ என்று முப்பத்தைந்து வருஷம் முணுமுணுத்தவர், இப்போது சத்தமாகப் பேசியே ஆக வேண்டியிருந்தது. பேசிப் பார்த்ததில் அது அவருக்குப் பிடித்துவிட்டது.

ஐந்தாம் மாதம் சளியில் கிருமி இல்லை. நானே மூன்று தகடு பார்த்து உறுதிசெய்தேன். அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் டாக்டர் வீட்டுக்கு வந்தார். ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசிக்கிறவர்களில் சிலருக்கு மட்டும் ஏன் இந்த நோய் வருகிறது, அதில் பரம்பரைக்குப் பங்கு உண்டா என்று ஒரு ஆராய்ச்சி. மருந்து கேட்காத நோயாளிகளின் குடும்பங்களில் ரத்தம் எடுத்து, யார் யாருக்கு நோய் இருந்தது என்று வம்சப் படம் வரைய வேண்டும்.

வம்சப் படம் என்ற சொல் எந்தக் காதிலும் விழும் போலிருக்கிறது. அவர் எழுந்து சுவரிலிருந்து சட்டத்தைக் கழற்றிக் கொண்டுவந்து டாக்டர் மடியில் வைத்தார்.

"ரெடியாவே இருக்கு. நான் முப்பது வருசமாச் சொல்லுதேன், எல்லாம் ரத்தத்துலதான் இருக்குன்னு. இப்பத்தான் நீங்க வந்திருக்கீங்க."

டாக்டர் பொறுமையாகச் சத்தம்போட்டுச் சொன்னார். "சார், ரத்தத்துக்கும் ஒரு பங்கு இருக்கலாம்னு பாக்கிறோம். இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது. ஆனா மருந்து கேக்காமப் போனது வேற விஷயம். அத உங்க ரத்தம் செய்யல. அரைகுறையா மாத்திரை சாப்பிட்டு நீங்க செஞ்சது."

அவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. விழுந்தது அவருக்குப் பிடித்த பாதி.

"கேட்டியாம்மா? ரத்தத்துல இருக்குங்காங்க!" என்றார் என்னிடம்.

டாக்டர் படத்தைப் பார்த்தார். "உங்க ஒருத்தரத் தவிர குடும்பத்துல யாருக்கும் இருந்ததில்லையா?"

"கிடையாது. ஒரு புள்ளி கிடையாது."

அக்கா வந்து டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடிச் சட்டத்தின் பின்பக்க ஆணிகளை விலக்கிப் படத்தை வெளியே எடுத்தார். "பேனா குடுங்க," என்றார்.

"இவரு மூத்த அத்தை. குத்தாலத்துல காத்து மாத்தப் போனாவ, அங்கனயே போயிட்டாவ. டைபாய்டுன்னு சொன்னோம். அவுகளுக்கு இருந்துது." வட்டத்தைக் கறுப்பாக்கினார். "இது சின்னத் தாத்தா. காவி கட்டிக் காசிக்குப் போயிட்டாருன்னு ஊருக்குச் சொல்லியிருந்தோம். தோட்டத்துக் கொட்டாயில தனியாக் கிடந்து இருமித்தான் போனாரு." சதுரம் கறுப்பானது. "இது என் பெரியப்பா. இது இவரு தம்பி, வேலைக்குப் போன ஊருல வச்சு. அவரு பிழைச்சிட்டாரு."

அவருக்குக் கேட்கவில்லை. ஆனால் பேனா எங்கே போகிறது என்று தெரிந்தது. முப்பது வருஷம் கரும்பலகையில் சொல்லிக்கொடுத்தவருக்குக் கறுப்பு என்றால் என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அக்காவின் கை அடுத்து ஒரு வட்டத்தின்மேல் நின்றது. சார் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது எங்கம்மா. பிரசவத்துல போனாங்க."

அக்கா அவர் காதருகே குனிந்தார். அந்தக் காது போனபின் முதல் தடவையாகப் பையப் பேசினார். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி.

"கடைசிப் பிள்ள பொறந்து மூணு வருசம் கழிச்சா அத்தான் பிரசவம்? உங்களுக்கு அப்ப அஞ்சு வயசு. உங்களப் பக்கத்துல விடக்கூடாதுன்னு எங்கப்பாதான் அத்தைய எங்க வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தாவ. சன்னல் வழியா உங்களக் காட்டச் சொல்லிக் கேப்பாவளாம்."

அவர் கையை எடுத்துவிட்டார். அந்த வட்டம் கறுப்பாவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டரிடம் ரத்தம் எடுக்கக் கையை நீட்டினார்.

படம் சுவருக்குத் திரும்பிப் போகவில்லை. இரண்டு நாள் மேஜைமேல் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"அந்தச் செல்லையா மக விஷயம் என்னாச்சும்மா?"

"அப்படியே நிக்குது சார்," என்று காதில் கத்தினேன். "பையன் வேற பொண்ணு பாக்க மாட்டேங்கானாம். அவங்க அம்மாவும் விட்டுக்கொடுக்கல."

அவர் யோசிப்பதற்கு முன் அக்கா சட்டையை எடுத்துக்கொண்டு வந்து அவர் மேல் போட்டார். "கிளம்புங்க. நானும் வாரேன்."

போகிற வழியில் செல்லையா வீட்டில் நின்றோம். செல்லையா கும்பிடவில்லை. "நான் வரல. நான் வந்தா சொல்லிக்கொடுத்துக் கூட்டியாந்தேம்பாவ. நீங்களே போயிச் சொல்லுங்க," என்றார். பட்டாணி சாரை அவர் 'அய்யா' என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை. சார் அதைக் கவனித்தாரா, காதில் விழவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

விக்கிரமசிங்கபுரத்தில் மில் தொழிலாளர்கள் குடியிருக்கிற வரிசையில் ஒரு வீடு. மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார். பட்டாணி சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எழுபது பேர் இருக்கிற வகுப்புக்குச் சொல்வது போல் சொன்னார்.

"சீக்கு செல்லையாவுக்கு இல்ல. எனக்கு. நான்தான் அவன் பேரக் குடுத்தேன்."

அக்கம்பக்கத்து வாசல்களில் தலைகள் தெரிந்தன. தெரு நடுவில் பரவிய பொய்க்குத் தெரு நடுவில் மறுப்பு. காது கேட்காததில் அப்படி ஒரு வசதி.

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "படிச்சவுக மாதிரி இருக்கிய. உங்களுக்கு உங்க பேரு இருக்கையில கூலிக்காரன் பேரு எதுக்கு?"

நான் அதைக் காதில் சொன்னேன். அவர் சட்டைப் பையிலிருந்து தன் பெயர் எழுதிய மருந்துச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"சரி, இவரு சொல்லுதது நிசம்னே வச்சிக்கிடுவோம்," என்றார் அந்த அம்மா என்னிடம். "இருந்தாலும் ஊரு ஒண்ணு சொல்லிட்டுல்லா? நாளைக்கு என் பேரப்பிள்ளைகள எல்லாரும்..."

ஷிப்ட் முடிந்து மில்லிலிருந்து வந்த பையன் சைக்கிளை நிறுத்திவிட்டு இதைக் கேட்டுக்கொண்டு நின்றான். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எம்மா, அவளுக்கே இருந்தாத்தான் என்ன? மருந்து இருக்குல்லா. நம்ம அப்பா சாப்பிடலியா?"

அந்த அம்மாவின் முகத்தில் ரத்தம் வற்றிப்போயிற்று. அக்கம்பக்கத்துத் தலைகள் இன்னும் கொஞ்சம் வெளியே வந்தன. வீட்டுக்குள் கட்டிலிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். நல்ல திடமான ஆள். மனைவியைச் சமாதானப்படுத்துகிற மாதிரி பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னார்.

"ஆமா. எனக்கு இருந்துது. இவன் பொறக்கதுக்கு முந்தி. பதினெட்டு மாசம் மருந்து சாப்பிட்டேன். ஒரு நாளு விடல."

பட்டாணி சார் என் பக்கம் திரும்பினார். நான் காதில் சொன்னேன். "ஒரு நாளுமா?" என்றார். மறுபடியும் சொல்லச் சொன்னார். பிறகு அந்தப் பெரியவரிடம் போய், பாடம் கேட்கிற மாணவனைப் போல ஒரு கேள்வி கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

"எப்படி முடிஞ்சுது?"

பெரியவர் மனைவியைக் கைகாட்டினார். "இவதான். கையில மாத்திரைய வச்சிக்கிட்டு முன்னால நிப்பா. முழுங்கினப்புறம் வாயத் தொறந்து காட்டணும். நாக்கத் தூக்கிக் காட்டணும். அப்புறந்தான் சோறு."

அந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷமாக மறைத்து வைத்திருந்த ரகசியம் தெருவில் கிடந்தது. ஆனால் அது அவமானமாக இல்லாமல் வேறு ஏதோவாக மாறிப்போனதில் அவருக்கே குழப்பம். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நாக்கையுமா?" என்று கேட்டார். இருவரும் உள்ளே போய் வெகுநேரம் பேசினார்கள்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. எனக்கும் அக்காவுக்கும் பத்திரிகை வந்தது, அவருக்கு வரவில்லை. செல்லையா மறுபடியும் மரம் ஏற வந்தார், சார் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து. சார் மருந்தை இரண்டு வருஷமும் முழுதாகச் சாப்பிட்டு முடித்தார். காது திரும்பவில்லை. எனக்குத் திருச்செந்தூருக்கு மாற்றலாகிப் போன பிறகும் பல வருஷம் இருந்தார்.

அன்று விக்கிரமசிங்கபுரத்திலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். அம்பாசமுத்திரம் வரை அவர் ஜன்னல் வழியே வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். திருந்திவிட்டாரோ என்று எனக்குக் கவலையாக இருந்தது. கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் என் பக்கம் திரும்பி, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"யோசிச்சுப் பாத்தேம்மா. பொண்டாட்டி சொன்னா வாயத் தொறக்குறது, நாக்கத் தூக்குறது... அதுவும் பரம்பரையா வர்ற குணந்தான். அந்தப் பெரியவரோட அப்பாவும் அப்படித்தான் இருந்திருப்பாரு. நமக்கெல்லாம் அது..."

மதிய மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. முன் சீட்டிலிருந்து அக்கா எழுந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் மாத்திரைகளை வைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றார்.

"வாயத் தொறங்க."

அவர் கூட்டத்தைப் பார்த்தார். கண்டக்டரைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார். அக்கா மாத்திரைகளைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். அவர் விழுங்கினார். அக்கா நகரவில்லை.

அவர் நாக்கைத் தூக்கிக் காட்டினார்.